டவுன்லோடு கணக்கு வைத்தியக் கணக்கு ஆகாது

வயதானவர்களுக்கும் நீரிழிவுக்காரர்களுக்கும் ‘ஸ்மார்ட்’ பராமரிப்பு என்று செயலிகள் வந்துகொண்டே இருக்கின்றன. எத்தனை பேர் டவுன்லோடு செய்தார்கள் என்று பெருமையாகச் சொல்கிறார்கள். எத்தனை பேருக்குச் சர்க்கரை குறைந்தது என்று கேட்டால் பேச்சு மாறிவிடுகிறது.

நான் இன்ஜினியர். பாயான் லெப்பாஸில் ஒரு சிப்பைச் சோதிக்காமல் பெட்டிக்குள் வைக்க மாட்டார்கள். அதே தீவில் நம்ம பாட்டி கையில் கட்டுகிற கருவிக்கு மட்டும் ஒரு டெமோவும் ரிப்பன் வெட்டும் போதுமா?

‘ஒன்னுமே இல்லாததுக்கு இது பரவால்லையே’ என்பார்கள். இங்கிலாந்தைப் பாருங்கள். நீரிழிவு, இதய, நுரையீரல் நோயாளிகள் 3,230 பேரை வைத்து, வீட்டிலிருந்தே கண்காணிக்கும் முறையை 2008-இல் சோதிக்கத் தொடங்கினார்கள். முழு ஆய்வுக் கட்டுரைகள் வருமுன்பே, 2011 டிசம்பரில், இறப்பு 45 விழுக்காடு குறைந்தது என்று அரசு அறிவித்தது. முப்பது லட்சம் பேருக்குக் கொண்டுபோவோம் என்றது. இறப்பு குறைந்தது உண்மைதான். ஆனால் 2013-இல் மிச்சக் கதை வெளிவந்தது. நோயாளிகளின் வாழ்க்கைத் தரம் உயரவில்லை. நலமான ஓர் ஆண்டைக் கூடுதலாகப் பெற ஏறக்குறைய 92,000 பவுண்டு செலவு. அங்கே அப்போது வழக்கமாக ஏற்ற வரம்பு 20,000 முதல் 30,000 வரைதான். முதியோர் வீடுகளில் அலாரமும் சென்சாரும் வைத்த தனிச் சோதனையிலும் ஆஸ்பத்திரிக்குப் போவது குறிப்பிடும்படி குறையவில்லை.

அவர்கள் அளந்ததால்தான் இவ்வளவும் தெரிகிறது. நாமோ 1997-லேயே டெலிமெடிசின் சட்டம் நிறைவேற்றி, கால் நூற்றாண்டு போயும் அமலுக்குக் கொண்டுவராத நாடு.

இதில் யாருக்கு நஷ்டம்? 2019 தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களில் 31.4. கால்விரலை இழப்பது நம்ம வீட்டு ஆள். பயன் தராத செயலிக்குப் போகும் ஒவ்வொரு ரிங்கிட்டும், புண்ணுக்குக் கட்டுப்போடும் தாதியிடமிருந்து பிடுங்கியது.

தொழில்நுட்பம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதுதான் எனக்குச் சோறு போடுகிறது. பொதுப்பணத்தில் வாங்குமுன் மூன்று கேள்விக்குப் பதில் வேண்டும். செயலி இல்லாதவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தீர்களா? பாதியில் விட்டவர்கள் எத்தனை பேர், ஏன் விட்டார்கள்? விற்கிறவருக்குச் சம்பந்தமில்லாத ஒருவர் கணக்கைச் சரிபார்த்தாரா?

ஒரு கவிதையில் பொய்யான சொல் ஒன்று வந்தால் பக்கம் பக்கமாகக் கிழிக்கிறோம். ‘வாழ்வை மாற்றும் செயலி’ என்ற வாசகத்தை மட்டும் ஏன் சும்மா விடுகிறோம்? அடுத்த அறிமுக விழாவில் கேளுங்கள்: யாருடைய வாழ்வு, எவ்வளவு மாறியது, எப்படித் தெரியும்?