தீயணைக்கப் போனவரின் கல்லாவில் யார் உட்காருவது?

கடைவீதியில் ஒரு கடை தீப்பற்றினால் முதலில் ஓடி வருகிறவர் யார்? தீயணைப்பு வண்டி மணியடித்துக்கொண்டு வருவதற்கு முன்பே பக்கத்துக் கடைக்காரர் வந்து நிற்கிறார். சாக்கை நனைத்து அடிப்பதும், மணலை வாரிக் கொட்டுவதும், மாடியில் படுத்திருக்கும் பெரியவரைத் தூக்கிக்கொண்டு இறங்குவதும் அவர்தான். இது நம் வணிகப் பெருமக்களுக்குப் புதிய செய்தி அல்ல.

ஆனால், ஓடி வருகிற அந்தப் பக்கத்துக் கடைக்காரருக்கே பயிற்சியும் சீருடையும் கொடுத்து, பம்பும் வண்டியும் ஒப்படைத்து, ஊருக்கு ஊர் ஒரு படையாக வைத்திருக்கும் நாடு ஜப்பான். அந்தப் படையின் வீரத்தைப் பற்றிப் பலர் எழுதியிருக்கிறார்கள். அவர் ஓடிப் போன பிறகு அவருடைய கடை என்ன ஆகிறது, வீடு என்ன ஆகிறது என்பதைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. வியாபாரிகளாகிய நாம் அந்தப் பக்கத்திலிருந்துதான் இதைப் பார்க்க வேண்டும்.

ஜப்பானில் சம்பளம் வாங்கும் தீயணைப்பு வீரர்கள் ஏறக்குறைய 1,70,000 பேர். அவர்களுக்கு அடுத்தபடியாக 'ஷோபோடான்' என்று அழைக்கப்படும் தொண்டர் தீயணைப்புப் படை இருக்கிறது. 2024-ஆம் ஆண்டுக் கணக்கில் இதில் இருந்தவர்கள் சுமார் 7,50,000 பேர். சட்டப்படி இவர்கள் உள்ளாட்சியின் பகுதிநேர ஊழியர்கள். ஆனால் பிழைப்பு வேறு. ஒருவர் மளிகைக்கடைக்காரர், ஒருவர் தச்சர், ஒருவர் விவசாயி, ஒருவர் கம்பெனியில் குமாஸ்தா. சைரன் ஒலித்தாலோ கைப்பேசியில் செய்தி வந்தாலோ, செய்த வேலையை அப்படியே போட்டுவிட்டுப் பம்பு இருக்கும் கொட்டகைக்கு ஓட வேண்டும்.

இந்த ஏற்பாட்டின் வேர் கடைவீதியில்தான் இருக்கிறது. 1657-ல் எடோ நகரம், அதாவது இன்றைய டோக்கியோ, பெருந்தீயில் பெரும்பகுதி அழிந்தது. 1720-ல் அந்நகரத்து மக்களைக் கொண்டே தீயணைப்புக் குழுக்கள் வகுக்கப்பட்டன. முதலில் 47 குழுக்கள், பிறகு 48. குழுவின் செலவு அரண்மனைக் கஜானாவிலிருந்து வரவில்லை. தெருவில் வீடும் கடையும் வைத்திருந்தவர்கள்தான் கொடுத்தார்கள். தன் கிடங்கு எரியாமல் இருக்கப் பக்கத்துத் தெருத் தீயை அணைக்க வேண்டும் என்ற கணக்கு வியாபாரிக்கு அன்றே புரிந்திருக்கிறது. இன்றைய வடிவில் தொண்டர் படை அமைந்தது 1947-ல்.

இனி அந்த வீட்டுக்குள் போவோம். ஒரு சிற்றூரில் மளிகைக்கடை வைத்திருக்கும், நாற்பது வயதைத் தாண்டிய ஒருவரை எடுத்துக்கொள்வோம். கீழே கடை, மேலே வீடு. மனைவி, இரண்டு பிள்ளைகள், வயதான தாயார். அவர் படையில் சேர்ந்தது பெரும்பாலும் தானாகப் போய் அல்ல. ஒரு நாள் மாலை, தெருவின் மூத்தவர்கள் இரண்டு பேர் வாசலில் வந்து நின்று, "உங்கள் அப்பா இருந்தார், இனி நீங்கள்தான்" என்று சொல்லியிருப்பார்கள். அவர்கள் தினமும் சாமான் வாங்க வருகிறவர்கள். எப்படி மறுப்பது? உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்த மனைவியை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

தீ என்பது தினமும் வருவதல்ல. பயிற்சியும் கூட்டமும்தான் தினமும் வருவது போல வரும். பம்பை இயக்கிப் பார்க்க வேண்டும், குழாய்களை உலர்த்த வேண்டும், தெருவின் தண்ணீர்த் தொட்டிகளைச் சோதிக்க வேண்டும். டிசம்பர் கடைசியில், கடையில் ஆண்டு முடிவு வியாபாரம் மும்முரமாக நடக்கும் நாட்களில், இரவில் மரக்கட்டைகளைத் தட்டி ஓசை எழுப்பிக்கொண்டு, 'நெருப்பில் கவனம்' என்று தெருத் தெருவாகக் கூவிப் போக வேண்டும். ஜனவரியில் புத்தாண்டு அணிவகுப்பு. இவற்றுக்கு மேல் பம்பு இயக்கும் போட்டி ஒன்று உண்டு. 20 மீட்டர் குழாய்கள் மூன்றை ஓடிக்கொண்டே இணைத்து, தண்ணீரைப் பீய்ச்சி இலக்கை வீழ்த்த வேண்டும். எத்தனை வினாடி ஆயிற்று என்பதோடு, காலை எப்படி எடுத்து வைத்தார், கையை எப்படி உயர்த்தினார் என்பதற்கும் மதிப்பெண். இந்தப் போட்டிக்காகச் சில ஊர்களில் மாதக்கணக்கில் விடியற்காலையிலோ இரவிலோ பயிற்சி நடந்துவந்தது.

அந்த மாதங்களில் கொள்முதலுக்கு மார்க்கெட்டுக்குப் போக வேண்டிய காலை நேரத்தில் கணவர் மைதானத்தில் இருக்கிறார். மனைவி கடையைத் திறக்கிறார், வரும் சரக்கை எண்ணி இறக்குகிறார், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறார், மாமியாருக்கு மருந்து கொடுக்கிறார். இரவில் பயிற்சி முடிந்ததும் நேராக வீட்டுக்கு வந்தால் போதும் என்று இருக்கும். ஆனால் பயிற்சிக்குப் பின் சேர்ந்து குடிப்பது என்று ஒரு வழக்கம் பல ஊர்களில் உண்டு. வராதவர் ஒட்டாதவர் ஆகிவிடுவார். ஆகவே அவர் போவார். "தீ அணைக்கப் போனால் நான் ஏன் கேட்கப் போகிறேன்? குடிக்கப் போனதற்கும் நான்தானே கதவைத் திறந்துவிட வேண்டியிருக்கிறது?" என்று ஒரு மனைவி கேட்டால், அதில் தவறு என்ன இருக்கிறது? ஜப்பானில் இந்தக் கேள்வி பல வீடுகளில் எழுந்து, பத்திரிகை வரைக்கும் வந்துவிட்டது.

பற்று வரவையும் பார்த்துவிடுவோம். 2022 ஏப்ரல் முதல் மத்திய அரசு வகுத்துள்ள அளவுப்படி சாதாரண உறுப்பினருக்கு ஆண்டுக்கு 36,500 யென். நாள் கணக்கில் 100 யென். அந்நாட்டில் எந்தச் சாமானும் 100 யென் என்று விற்கும் கடைகள் தெருவுக்குத் தெரு உண்டு. 10 சதவீத வரியைச் சேர்த்தால் அங்கேயும் ஒரு பொருள் வாங்க இந்தப் படி போதாது. பேரிடருக்குப் போனால் நாளொன்றுக்கு 8,000 யென் தனி. இந்தப் பணமும் முன்பு பல இடங்களில் உறுப்பினர் கைக்கு வரவில்லை. படைப்பிரிவின் பொதுக் கணக்கில் சேர்ந்து, விருந்துக்கும் சுற்றுலாவுக்கும் போயிற்று. இனி ஒவ்வொருவருக்கும் நேரடியாகக் கொடுக்க வேண்டும் என்று அதே 2022 மாற்றத்தில்தான் வற்புறுத்தப்பட்டது. மனைவி கல்லாவில் உட்கார்ந்து சம்பாதித்துக் கொடுத்த நேரத்தின் கூலி எங்கே போயிற்று என்று அதுவரை எத்தனை வீடுகளுக்குத் தெரிந்திருக்கும்?

இவ்வளவு தொல்லை எதற்கு, சம்பளக்காரர்களையே கூடுதலாக வைத்துக்கொள்ளலாமே என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் 1995 ஜனவரி 17-ஆம் தேதி கிடைத்தது. விடியற்காலை 5.46 மணிக்குக் கோபே நகரத்தையும் அவாஜி தீவையும் நிலநடுக்கம் உலுக்கியது. அவாஜி தீவில் ஹொகுதான் என்ற சிற்றூரில் வீடுகள் நொறுங்கிக் கிடந்தன. வெளியிலிருந்து உதவி வரும் வரை காத்திருக்காமல், தொண்டர்களும் ஊர் மக்களும் சேர்ந்து ஏறக்குறைய 300 பேரை இடிபாடுகளிலிருந்து உயிரோடு மீட்டார்கள். பெரிய இயந்திரங்களை நம்பி அவர்கள் இறங்கவில்லை. எந்த வீட்டில் எத்தனை பேர், பாட்டி எந்த அறையில் படுப்பார் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நேராக அந்த இடத்தைத் தோண்டினார்கள்.

இந்த அறிவு யாரிடம் இருக்கும் என்று நாம் சொல்லத் தேவையில்லை. எந்த வீட்டுக்கு மாதம் எத்தனை கிலோ அரிசி போகிறது, எந்த வீட்டில் பிரசவத்துக்குப் பெண் வந்திருக்கிறாள், எந்தக் கிழவர் தனியாக இருக்கிறார் என்பது மளிகைக்கடைச் சிட்டையில் இருக்கிறது. பகல் முழுவதும் ஊரிலேயே இருப்பவரும் கடைக்காரர்தான். ஆனால் இன்று ஜப்பானியத் தொண்டர்களில் பத்துக்கு ஏழு பேருக்கு மேல் எங்கோ சம்பளத்துக்கு வேலை செய்கிறவர்கள். பகலில் தீப்பிடித்தால் பலர் ஊரில் இருப்பதில்லை. சிறுகடை ஒன்று மூடும்போது ஊர் ஒரு கடையை மட்டும் இழப்பதில்லை.

2016 டிசம்பர் 22-ஆம் தேதி இதோயிகாவா என்ற ஊரில் ஓர் உணவுக்கடையின் அடுப்பில் விட்ட பாத்திரத்திலிருந்து தீ கிளம்பியது. பலத்த காற்றில் 147 கட்டடங்களுக்குப் பரவியது. அடுத்த நாள் மாலைதான் முழுதும் அணைந்தது. உயிர்ச்சேதம் இல்லை. காயம்பட்ட 17 பேரில் பெரும்பாலோர் தொண்டர்கள். 2011 மார்ச் 11-ஆம் தேதி வந்த ஆழிப்பேரலையிலோ 254 தொண்டர்கள் மாண்டனர் அல்லது காணாமற்போயினர். கடலோர மதகுகளை மூடப் போனவர்களும், மக்களை மேட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். அதற்குப் பின்னரே, குறித்த நேரம் ஆனால் வேலையை விட்டுவிட்டுத் திரும்பிவிட வேண்டும், தொண்டரின் உயிரும் உயிர்தான் என்று விதி செய்தார்கள். அந்த விதியை வீட்டில் காத்திருந்தவர்கள் கேட்டிருந்தால் முன்பே எழுதிக் கொடுத்திருப்பார்கள்.

இப்போது ஆள் சேருவதில்லை. 1950-களில் 20 லட்சம் பேர் இருந்த படை, 1990-ல் 10 லட்சத்துக்குக் கீழே இறங்கி, இன்னும் குறைந்துகொண்டே வருகிறது. இளைஞர்களுக்குப் பொதுநலம் போய்விட்டது என்று மூத்தவர்கள் குறைப்படுகிறார்கள். நாம் அப்படி நினைக்கவில்லை. பெண் தொண்டர்களின் எண்ணிக்கை ஏறி 28,000 வரை வந்திருப்பதே அதற்குச் சாட்சி. தொண்டு செய்ய ஆள் இருக்கிறது. வீட்டைக் கேட்காமல் ஆளைத் தூக்கிக்கொண்டு போகும் பழைய முறைக்குத்தான் ஆள் இல்லை.

ஜப்பானிய வணிகர்கள் இதில் சும்மா இருக்கவில்லை. தொண்டர் அட்டையைக் காட்டினால் விலையில் தள்ளுபடி தருகிறோம் என்று பல ஊர்களில் கடைகள் அறிவிப்பு ஒட்டியிருக்கின்றன. சில இடங்களில் குடும்பத்தாருக்கும் அது உண்டு. ஊழியரைத் தீயணைக்க விடுவிக்கும் நிறுவனங்களுக்கு 2006 முதல் ஒரு முத்திரைப் பலகை வழங்கப்படுகிறது. நகானோ மாகாணம் அத்தகைய நிறுவனங்களுக்குத் தொழில்வரியிலும் சலுகை தருகிறது. எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்று பழமொழி சொல்வார்கள். எரியும் வீட்டுக்கு ஆளை அனுப்பிவிட்டு அதன் நஷ்டத்தைப் பங்கு போட்டுக்கொள்ளும் வணிகரும் உலகில் உண்டு என்பதை அறிய நமக்குப் பெருமையாக இருக்கிறது.

இருந்தாலும், தள்ளுபடி மட்டும் போதாது என்பதே நமது கருத்து. தொண்டரின் மனைவிக்கு வேண்டியது ஐந்து சதவீதக் கழிவு அல்ல. கணவர் எத்தனை மணிக்குத் திரும்புவார் என்று தெரிய வேண்டும். அவர் இல்லாதபோது கடைக்கு ஒரு கை வேண்டும். சேர்ப்பதற்கு முன் வாசலில் நின்று இருவரையும் உட்காரவைத்துப் பேச வேண்டும். அலங்காரப் பயிற்சிகள் குறைந்து, தீயின்போது உண்மையில் உதவும் பயிற்சி மட்டும் இருக்க வேண்டும். இவற்றில் பலவும் செலவில்லாதவை. போட்டிப் பயிற்சியைக் குறைக்கும் வேலையைச் சில ஊர்கள் ஏற்கனவே தொடங்கியும் விட்டன.

தனக்கு மிஞ்சித்தான் தானமும் தர்மமும் என்று நம் பெரியவர்கள் சொன்னார்கள். அது கஞ்சத்தனத்துக்குச் சொன்னதல்ல. வீட்டை வற்றவைத்துச் செய்யும் தர்மம் நீண்ட நாள் நடக்காது என்பதே அதன் பொருள்.

நம் நாட்டில் தீயணைப்பு என்பது அரசுத் துறை. 101-க்குச் சொன்னால் வருகிறார்கள். ஆனால் ஊர்க்காவல் படைக்குப் போகிறவர், நள்ளிரவில் இரத்தம் கொடுக்க ஓடுகிறவர், வெள்ளக் காலத்தில் படகு தள்ளுகிறவர் என்று நம் கடைகளிலும் ஆட்கள் இருக்கிறார்கள். நம் கடைப்பையன் அப்படிப் போகும் நாளில் நாம் சம்பளத்தைப் பிடிக்கிறோமா? பக்கத்துக் கடைக்காரர் போகும்போது அவர் வாடிக்கையை நம் பக்கம் இழுக்கிறோமா, அல்லது அவர் மனைவிக்குச் சரக்கு இறக்க ஒரு கை கொடுக்கிறோமா? அவர் திரும்பி வந்தபோது எல்லோருமாகக் கூடி அவருக்குச் சால்வை போடுவோம். அதில் குறையில்லை. அந்த நேரமெல்லாம் கல்லாவில் உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு ஒரு நன்றி சொன்னவர் நம்மில் எத்தனை பேர்?