நெகட்டிவ் என்ற பின்னும் நீங்காத பயம்



பிரசங்க பீடத்திலிருந்து பேசுவதற்குச் சற்றுத் தயக்கம் உண்டாகும் ஒரு காரியத்தை இவ்வாரம் எழுதுகிறேன். எச்.ஐ.வி. பரிசோதனை செய்து, தொற்று இல்லை என்று எழுத்தில் அறிக்கை பெற்ற பின்னும், அதை நம்ப மாட்டாமல் தவிக்கிறவர்கள் நம் நடுவில் இருக்கிறார்கள். ஊழியத்தின் பல ஆண்டுகளில் இத்தகையோரை நான் கண்டிருக்கிறேன். அறந்தாங்கி, மணமேல்குடிப் பக்கத்திலிருந்து வளைகுடாவுக்குப் புறப்படும் இளைஞர் மருத்துவப் பரிசோதனைக்கு முந்திய இரவில் உறங்குவதில்லை. பரிசோதனையில் தேறி அக்கரை சேர்ந்த பின்னும் அங்கே மறுபடியும் இரத்தம் கொடுத்துப் பார்க்கிறார். கணவருடைய நடத்தையைக் குறித்து ஏதோ கேள்விப்பட்ட மனைவி, தனக்கு ஒன்றும் இல்லை என்று தெரிந்த பின்பும் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டத் தயங்குகிறார். இவர்களை நோயாளிகள் என்று உலகம் எண்ணுவதில்லை. ஆனால் இவர்கள் படும் பாடு மெய்யானது.

முறைப்படி எடுக்கப்பட்ட அறிக்கையை ஏற்க மறுப்பது தாழ்மையும் அன்று, எச்சரிக்கையும் அன்று என்பது என் கருத்து. ஆய்வகத்தால் கொடுக்க முடியாத ஒன்றை ஆய்வகத்தினிடத்தில் கேட்டுக்கொண்டே இருப்பதுதான் அது.

லேவியராகமம் 13ஆம் அதிகாரத்தை நாம் பெரும்பாலும் வேகமாகக் கடந்துவிடுகிறோம். தோலில் சந்தேகமான ஒரு தடிப்பைக் கண்ட மனிதன் ஆசாரியனிடத்தில் வருகிறான். ஆசாரியன் உடனே தீர்ப்புச் சொல்லுவதில்லை. அவனை ஏழு நாள் அடைத்துவைக்கிறான். ஏழாம் நாளில் பார்த்து, தெளிவில்லையெனில் இன்னும் ஏழு நாள் காத்திருக்கச் செய்கிறான். அதன்பின் பரவவில்லை என்று கண்டால், சுத்தமானவன் என்று அறிவிக்கிறான். அந்த மனிதன் தன் வஸ்திரங்களைத் தோய்த்துக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும். புதிதாக ஏதேனும் தோன்றிப் பரவினால் மட்டுமே அவன் திரும்பி வரவேண்டும். வெறும் ஐயத்தினாலே ஒருவன் மாதந்தோறும் வந்து நிற்பதற்கு அந்த அதிகாரத்தில் இடமே இல்லை. காத்திருக்க ஒரு காலம் உண்டு, அறிவிப்புக்கு ஒரு நாள் உண்டு, அதன்பின் வீடு திரும்புதலும் உண்டு.

இன்றைய மருத்துவமும் ஏறக்குறைய இப்படித்தான் நடக்கிறது. தொற்று ஏற்பட்டவுடன் அது பரிசோதனையில் தெரியாது. மருத்துவர்கள் ‘விண்டோ பீரியட்’ என்று சொல்லும் ஓர் இடைக்காலம் உண்டு. கை நரம்பில் இரத்தம் எடுத்து, கிருமியின் கூறு, அதற்கெதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள் ஆகிய இரண்டையும் ஆய்வகத்தில் தேடும் பரிசோதனையில் இந்தக் காலம் ஏறத்தாழ 45 நாட்களுக்குள் முடிந்துவிடும். எதிர்ப்பொருளை மட்டும் தேடும் விரைவுப் பரிசோதனையானால் 90 நாட்கள் வரை காத்திருக்கச் சொல்லுவார்கள். அந்தக் காலம் கடந்தபின் வந்த நெகட்டிவ் முடிவு முடிவானதே. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்க வேண்டியதில்லை. (தடுப்பு மருந்து உட்கொண்டவர்களுக்கு இந்தக் கணக்குச் சிறிது மாறும், அதை மருத்துவரே சொல்லுவார்.)

இன்னொன்றையும் அறிந்துகொள்ளுங்கள். அரசு மையங்களில் முதலாவது செய்யப்படும் பரிசோதனை, சிறு அறிகுறியையும் தவறவிடாதபடிக்குத் தெரிந்தெடுக்கப்பட்டது. ஆகவே அது தவறுமானால், தொற்று இல்லாதவரை உண்டோ என்று ஐயப்படும் பக்கமாகவே பெரும்பாலும் தவறும். அதனால்தான் முதல் முடிவு ‘உண்டு’ என்பதுபோல் வந்தால் வேறு இரண்டு பரிசோதனைகள் செய்து உறுதிப்படுத்துகிறார்கள். ‘இல்லை’ என்று வந்தால் அங்கேயே நிறுத்துகிறார்கள். இந்த நிதானம் தொடக்கமுதல் இருந்தது. 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி டாக்டர் நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தபோது, அந்த இரத்த மாதிரிகள் நாம் நன்கறிந்த வேலூர் சி.எம்.சி.யில் சோதிக்கப்பட்டன. அங்கே வந்த முடிவோடு அவர்கள் நின்றுவிடவில்லை. அமெரிக்காவிலும் சோதித்து உறுதிசெய்தார்கள்.

“சாத்தூரில் நடந்ததே, ஐயா?” என்று என்னிடம் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். 2018 டிசம்பரில், சாத்தூர் அரசு மருத்துவமனையில் கர்ப்பிணியான ஒரு சகோதரிக்கு எச்.ஐ.வி. தொற்றுள்ள இரத்தம் ஏற்றப்பட்டது. தமிழ்நாடே அதிர்ந்தது. ஆனால் அங்கே பொய் சொன்னது எது? இரத்தம் கொடுத்த இளைஞர் வெளிநாடு செல்வதற்காகத் தனியார் ஆய்வகத்தில் பரிசோதித்தபோது, அந்தப் பரிசோதனை உண்மையையே சொன்னது. 2016இல் அவர் இரத்தம் கொடுத்தபோதே தொற்று தெரிந்திருந்தும் அவருக்கு முறையாக அறிவிக்கப்படவில்லை என்று அப்போது செய்திகள் வந்தன. பரிசோதனை தவறவில்லை, அதைச் செய்து, எழுதி, அறிவிக்க வேண்டிய மனிதர்களின் கடமை தவறியது. ஆகவே வெவ்வேறு இடங்களில் இரண்டு, மூன்று அறிக்கைகளைக் கையில் வைத்திருக்கிற ஒருவர் சாத்தூரைச் சாட்சிக்கு அழைக்க முடியாது.

அந்த இளைஞரைக் குறித்துச் சிந்தித்துப் பாருங்கள். தமக்குத் தொற்று இருப்பதை அறிந்தவுடன், தாம் கொடுத்த இரத்தத்தை யாருக்கும் ஏற்ற வேண்டாம் என்று அவரே போய்ச் சொன்னார். அது நேர்மையான மனிதனின் செயல். அதற்குள் காலம் கடந்திருந்தது. சில நாட்களில் அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். 2004 முதல் இந்நாட்டில் ஏ.ஆர்.டி. மருந்துகள் இலவசமாய்க் கொடுக்கப்படுகின்றன. அவற்றை ஒழுங்காக உட்கொள்ளுகிறவர்கள் முதுமை வரை வாழலாம். நோய்க்கு மருந்து இருந்தது. வெட்கத்தைச் சுமக்க அவரோடு ஒருவரும் இல்லை. மறுமாதம் அந்தச் சகோதரிக்குப் பிறந்த குழந்தைக்குத் தொற்று இல்லை என்று பின்னர் உறுதியாயிற்று.

இங்கே ஒரு வார்த்தை: தொற்று உண்டோ என்று இரகசியமாய் அறிந்துகொள்வதற்காக இரத்த தானம் செய்யாதீர்கள். இடைக்காலத்தில் கொடுக்கப்பட்ட இரத்தம் பிறருக்கு ஆபத்தாகலாம்.

இனி, அறிக்கை வந்தும் பயம் ஏன் நீங்குவதில்லை? இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் புள்ளிராஜாவைக் குறித்த கேள்வி நம் சுவர்களிலெல்லாம் எழுதப்பட்டிருந்தது. அந்நாளைய வாலிபர்கள் இன்று குடும்பஸ்தர்கள். பலருடைய உள்ளத்தில் அந்தக் கேள்வி இன்னும் அழியவில்லை. கழுத்தில் நெறிக்கட்டி இருக்கிறதா என்று நாளெல்லாம் அழுத்திப் பார்த்தால் அவ்விடம் வலிக்கத்தான் செய்யும். கவலையினால் பசி குறையும், எடை குறையும், இரவில் வியர்க்கும். அதையே நோயின் அடையாளமாக எண்ணிக்கொள்வார்கள். புதிய அறிக்கை இரண்டு நாள் ஆறுதல் தரும். பின்பு, “குழாய் மாறியிருக்குமோ?” என்ற எண்ணம் எழும். ஒவ்வொரு பரிசோதனையும் ஐயத்துக்கு இட்ட தீனியாகிவிடுகிறது.

ஆனால் போதகன் என்ற முறையில் நான் காண்பது வேறொன்றும் உண்டு. பலருக்கு இந்தப் பயத்தின் அடியில் இருப்பது குற்றவுணர்வு. என்றோ ஒரு நாள் செய்த ஒன்றுக்குத் தண்டனை வரும் என்று காத்திருக்கிறார்கள். தண்டனை வராதபோது, அது தாமதிக்கிறது என்றே எண்ணுகிறார்கள். மார்ட்டின் லூத்தர் மடத்தில் இருந்த நாட்களில் மணிக்கணக்காய்ப் பாவ அறிக்கை செய்து, வெளியே வந்தவுடன் விட்டுப்போன ஒன்று நினைவுக்கு வர மீண்டும் ஓடுவாராம். அவருடைய ஆவிக்குரிய ஆலோசகர் ஸ்டாவ்பிட்ஸ் சலித்தே போனார். பாவ அறிக்கைக் கூண்டுக்கும் இரத்தப் பரிசோதனை மேசைக்கும் தூரம் அதிகமில்லை. இரத்தத்தில் கிருமி உண்டா இல்லையா என்று மட்டுமே ஆய்வகம் சொல்லும். மன்னிப்பு உண்டா என்ற கேள்வியை அங்கே கொண்டுபோனால் எத்தனை தரம் போனாலும் பதில் கிடையாது. அந்தக் கேள்விக்கு வேறோர் இடத்தில் ஏற்கெனவே விடை சொல்லப்பட்டுவிட்டது. யோவான் 8ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் அந்த ஸ்திரீயைக் கல்லெறியப்பட வைத்து மன்னிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

வியாதியைப் பாவத்தின் சம்பளமாகவே சித்திரித்து முழங்குகிற பிரசங்கங்கள் இவர்களை நொறுக்குகின்றன. எச்.ஐ.வி. ‘ஆவியை’த் துரத்துவதாகச் சொல்லும் உபவாசக் கூட்டங்களும் அப்படியே, இல்லாத நோயை ஜெபத்தினால் உறுதிப்படுத்துகிற வேலை அது. திருவிருந்தில் ஒரே பாத்திரத்தில் பருகுவதற்குத் தயங்குகிறவர்களுக்கும் சொல்லுகிறேன்: உமிழ்நீரால் இத்தொற்று பரவாது. கொசுவினாலும், கைகுலுக்குவதாலும், ஒரே தட்டில் உண்பதாலும் பரவாது.

பயம் விடவில்லையெனில் அதற்கும் சிகிச்சை உண்டு. அது அவிசுவாசத்தின் அடையாளம் அன்று. மனதின் ஒரு வியாதி. அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவர் இருக்கிறார். 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை. “இன்றைக்குத் தேட மாட்டேன், இன்றைக்குப் பரிசோதிக்க மாட்டேன்” என்று ஐயத்தைப் பதிலில்லாமல் விட்டுவைக்கப் பழக்குவார்கள். தேவைப்பட்டால் மருந்தும் கொடுப்பார்கள்.

இதுவரை பரிசோதிக்காதவர்களுக்கும் ஒரு சொல். நேற்றோ முந்தாநாளோ ஆபத்தான தொடர்பு ஏற்பட்டிருந்தால் காத்திராதீர்கள்; 72 மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் சென்றால் 28 நாள் உட்கொள்ளும் தடுப்பு மருந்து உண்டு. மற்றவர்கள் அரசு மருத்துவமனையிலுள்ள நம்பிக்கை மையத்துக்குச் செல்லலாம். பவுல் அன்போடும் விசுவாசத்தோடும் சேர்த்துச் சொன்ன அதே வார்த்தையை அரசாங்கம் அந்த அறைக்குப் பெயராக வைத்திருப்பது எனக்கு எப்போதும் சந்தோஷம் தரும். பரிசோதனை இலவசம். 2017ஆம் ஆண்டின் சட்டப்படி உங்கள் சம்மதமின்றிப் பரிசோதிக்கவோ, முடிவை வெளியிடவோ கூடாது. தனியே போகக் கூச்சமாயிருந்தால் எனக்குச் சொல்லுங்கள். ஒன்றும் கேளாமல் உடன் வருகிறேன். இடைக்காலம் முடிந்து அறிக்கை வந்த பிறகு, அதே காரியத்துக்காக இரண்டாந்தரம் அழைத்தால் வரமாட்டேன்; மனநல மருத்துவரிடம் போவதானால் வருவேன்.