தமிழ்ப் பெயர்களை லிஸ்ப் ஏற்காதா? ஒரு மறுப்பு

லிஸ்ப் குடும்பக் கணினி மொழிகள் அடைப்புக்குறியும் மேற்கோளும் அரைப்புள்ளியுமாக நிறைந்தவை என்றும், அதனால் 2014 அக்டோபர் 29ஆம் திகதி மண்சரிவால் இலங்கையெங்கும் அறியப்பட்ட மீரியபெத்த போன்ற ஊர்ப்பெயரை அவற்றில் தமிழிலேயே எழுதினால் நிரல் குழம்பிவிடும் என்றும் ஒரு கருத்து நிலவுகிறது. இதன் முற்பாதி மிகை. பிற்பாதியோ வேறிடத்துப் பழியை லிஸ்பின் தலையில் ஏற்றுவது.

இக்குடும்பத்தைச் சேர்ந்த காமன் லிஸ்பில் நிரலைப் படித்துப் பிரிக்கும் உறுப்பாகிய வாசிப்பான், அடைப்புக்குறி, மேற்கோள், காற்புள்ளி, அரைப்புள்ளி, முக்காற்புள்ளி முதலிய சிலவற்றையே தனக்கென ஒதுக்கிக்கொள்கிறது. பிற மொழிகள் கணக்குக்கெனப் பிடித்து வைத்திருக்கும் கூட்டல், கழித்தல் குறிகள் இங்கே வெறும் எழுத்துகளாதலால், தோட்டம்-பிரிவு என்பது கழித்தலாகாமல் ஒரே பெயராக நிற்கும். இடைவெளி வேண்டுமெனில் |ஊவா மாகாணம்| எனச் செங்குத்துக் கோடிட்டால் போதும்.

குழப்பத்தின் ஊற்று பாமினி எழுத்துரு. இலங்கையின் அச்சகங்களிலும் அலுவலகங்களிலும் பரவலாக வழங்கிய அவ்வெழுத்துரு, ஆங்கில எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் உரிய இடங்களில் தமிழ் வடிவங்களைப் பொருத்தியது. மெய்யெழுத்தின் புள்ளி அரைப்புள்ளியின் இடத்திலும், இகரம் காற்புள்ளியின் இடத்திலும் அமர்ந்தன. லிஸ்பிலோ அரைப்புள்ளி என்பது, அவ்வரியின் எஞ்சிய பகுதி மனிதருக்கான குறிப்பு, கணினி அதைப் படிக்க வேண்டாம் என்பதற்கான அடையாளம். எனவே பாமினியில் தட்டிய மீரியபெத்த, புள்ளியிருந்த இடத்தில் அறுந்து, இறுதித் தகரத்தையும் அவ்வரியில் பின்னே நின்ற அடைப்புக்குறியையும் இழக்கும். காற்புள்ளியில் தொடங்கும் இலங்கை வாசலிலேயே தடுக்கப்படும். போதாக்குறைக்கு, காமன் லிஸ்ப் சிறிய ஆங்கில எழுத்துகளைப் பெரியனவாக்கும் இயல்புடையது என்பதால் தகரம் துகரமாகவும் மகரம் முகரமாகவும் திரியும். திரையில் தெரிந்தது தமிழ். வாசிப்பானுக்குப் போனதோ ஆங்கில எழுத்துகளின் கோவை.

ஒருங்குறியில், அதாவது ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் துணைக்குறிக்கும் தனி எண் தரும் முறையில், இவற்றில் எதுவும் நிகழ்வதில்லை. மீரியபெத்த என்னும் ஆறு எழுத்துகள் பத்து எண்களாகச் சேமிக்கப்படுகின்றன. அவற்றில் ஒன்றுகூட ஒதுக்கப்பட்ட குறியன்று, தமிழில் பெரிய, சிறிய எழுத்து வேறுபாடும் இல்லை. லிஸ்ப் குடும்பத்து ஸ்கீம் மொழியின் 2007ஆம் ஆண்டுத் தரநிலை, துணைக்கால், கொம்பு போன்றவை பெயரின் முதலில் வரலாகாது என்று தடுப்பது உண்மைதான். ஆயினும், பெ என்பதில் கொம்பு கண்ணுக்கு முன்னே தெரிந்தாலும், ஒருங்குறி அதனை மெய்க்குப் பின்னரே வைப்பதால், எந்தத் தமிழ்ச் சொல்லும் அத்தடையில் சிக்காது.

ஒப்புக்கொள்ள வேண்டிய சிக்கல் ஒன்றுண்டு. மீரியபெத்த அமைந்துள்ள கொஸ்லாந்தையின் முதலெழுத்தில் வரும் ஒகரக் குறியை ஒரே எண்ணாகவும் சேமிக்கலாம். கொம்பு, கால் என இரண்டு எண்களாகவும் சேமிக்கலாம். பார்வைக்கு ஒன்றாகத் தோன்றும் இவ்விரண்டையும் ஒரே வடிவாகச் சீராக்காத வாசிப்பான் இரு வேறு பெயர்களாகக் கொள்ளும். எனினும் இது லிஸ்பின் குறிகளால் விளைந்ததன்று: எஸ்பிசிஎல் என்னும் லிஸ்ப் செயலாக்கமும் பைதான் 3 மொழியும் பெயர்களைத் தாமே சீராக்கிக்கொள்கின்றன, லிஸ்ப் குடும்பத்தைச் சேராத ஜாவாஸ்கிரிப்டோ அவ்வாறு செய்வதில்லை.