கல்லறைத் தோட்டத்துச் சுவர்களும் நமது அழகியலும்

ஆண்டுதோறும் நவம்பர் 2, கல்லறைத் திருநாள் நெருங்கும்போது நமது இலக்கியச் சூழலில் ஒரு வகைக் கட்டுரை தவறாமல் முளைத்துவிடுகிறது. பழைய தேவாலயம், பாசி படிந்த சிலுவை, எரிந்து முடியும் மெழுகுவத்தி, பெயர் அழிந்த கல்வெட்டு. இடையில், 1751இல் வெளிவந்த தாமஸ் கிரேயின் கிராமத்துக் கல்லறை இரங்கற்பா கட்டாயம் நினைவுகூரப்படும். கல்லூரிப் பாடநூலில் அதைப் படிக்காதவர் நம்மில் குறைவு. இறுதியில், சாவின் முன் மனிதர் யாவரும் சமம் என்ற முடிவுக்குக் கட்டுரையாளர் வந்து சேர்ந்து கண்களைத் துடைத்துக்கொள்வார். தமிழ் நிலத்தைப் பொறுத்தவரை அம்முடிவு பொய் என்று சொல்லவே நாங்கள் இதை எழுதுகிறோம்.

புதுச்சேரியிலிருந்தே தொடங்குவோம். வைத்திக்குப்பம் கடற்கரைக்கு மாசிமகத்தன்று மயிலத்திலிருந்தும் திண்டிவனத்திலிருந்தும் உற்சவ மூர்த்திகள் தீர்த்தவாரிக்கு வந்து கூடுவதைப் பற்றி எழுதாத உள்ளூர் எழுத்தாளர் இல்லை. அங்கிருந்து கடலை ஒட்டித் தெற்கே சென்றால் குருசுக்குப்பம், அதைக் கடந்தால் வெள்ளை நகரம், அதன் தென்பகுதியில் 1855இல் கட்டப்பட்ட சம்மனசுகளின் இராக்கினி ஆலயம், ஊரார் வழக்கில் கப்ஸ் கோயில். அதன் எதிரே ஒரு பழைய கல்லறை வளாகம். 1785இல் இறந்த பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி அங்கே துயில்கிறார். சுற்றுலா வழிகாட்டி அவருடைய போர்களைச் சொல்வார், நமது நண்பர்கள் புகைப்படம் எடுப்பார்கள். கல்லறை என்றால் வெள்ளைக்காரன் கல்லறை, மரபு என்றால் கட்டடம். ரசனை இந்த இரண்டுக்குள் அடங்கிவிடுகிறது.

இதே நகரத்தில் 1704இல் ஓர் ஆணை பிறந்தது. போப்பாண்டவரின் தூதராக வந்திருந்த துர்னோன், மறைப்பணியாளர்கள் கைக்கொண்டிருந்த உள்ளூர் வழக்கங்கள் பலவற்றைத் தடைசெய்தார். நோயுற்ற பறையர்களின் வீட்டுக்குக் குருமார் நேரில் சென்று இறுதி அருட்சாதனங்களை வழங்க வேண்டும் என்பதும் அவ்வாணையில் அடக்கம். மற்றச் சாதியாரிடையே தங்கள் மதிப்புக் குலைந்துவிடும் என்று சேசு சபையார் அஞ்சினர். சாகக் கிடக்கிறவனின் குடிசை வாசலை மிதிக்கலாமா கூடாதா என்ற வழக்கு ரோமாபுரி வரை சென்று நாற்பது ஆண்டுகள் நடந்தது! 1744இல் பதினான்காம் பெனடிக்ட் ஆணையை உறுதிசெய்தார். கூடவே, பறையர்களுக்கெனத் தனியாகக் குருக்களை அமர்த்தும் ஏற்பாட்டையும் ஏற்றுக்கொண்டார். தீண்டாமையைக் கண்டித்தபடியே அதற்கு ஒரு நிர்வாக வடிவம் கொடுப்பதென்பது இதுதான்.

மறு ஆண்டே, 1745இல், புதுச்சேரிக் கோயிலுக்குள் நடந்ததை ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். கோயிலின் உள்ளே பறையர்களை மற்றவர்களிடமிருந்து பிரித்து நின்றது ஒரு சுவர். பறையர்கள் பெரிய சாமியாரிடம் சென்று நியாயம் கேட்டார்கள். சுவர் இடிக்கப்பட்டது. சாதிக் கிறித்தவர்கள் கொதித்தெழுந்தார்கள். பிள்ளையவர்கள் புரட்சிக்காரர் அல்லர், அந்தச் சுவரைப் பற்றி அவருக்கு மனத்தாங்கல் இருந்ததாகவும் தெரியவில்லை. ஆயினும் கண்டதையும் கேட்டதையும் குறித்துவைத்தார். இருநூற்றெண்பது ஆண்டுகள் கழித்து, நவீனமும் பின்நவீனமும் கரைத்துக் குடித்த நம்மவர்கள் அதைக்கூடச் செய்வதில்லை.

அந்தக் கோயில் 1761இல் ஆங்கிலேயரால் நகரத்தோடு தகர்க்கப்பட்டது. சுவர் மட்டும் வேறு ஊர்களில் எழும்பிக்கொண்டே இருந்தது. நெல்லைச் சீமை வடக்கன்குளத்தில் 1872இல் எழுந்த ஆலயம், சாதிகள் தனித்தனியே நின்று ஒரே பீடத்தைப் பார்க்கும்படி இரு கூடங்களாகவே கட்டப்பட்டது. 1910இல் தடுப்பு அகற்றப்பட்டபோது, அதை மீண்டும் வைக்கக் கோரி வெள்ளாளக் கிறித்தவர்கள் நீதிமன்றம் ஏறினார்கள். 1917இல் சென்னை உயர் நீதிமன்றம் அவ்வுரிமையை மறுத்தது. அந்த ஆலயத்தின் கட்டடக்கலையைப் பற்றி எழுத வருகிற எவரும், இரு கூடங்கள் ஏன் என்ற கேள்வியைத் தாண்டிவிட்டுத் தூண்களை வருணிக்க முடியாது. வருணித்தால் அது கலை விமரிசனம் அன்று, உடந்தை.

இவையெல்லாம் பழங்கதை என்பவர்கள் திருச்சி மேலப்புதூருக்குப் போகட்டும். அங்கே கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தின் நடுவே நின்ற சாதிச் சுவரின் ஒரு பகுதியை 2010இல் இடித்தவர்கள், கடவுளை மறுக்கும் பெரியார் இயக்கத்தவர்கள். உயிர்த்தெழுதலை நம்பும் கோடிக்கணக்கானோர் செய்யாததை அவர்கள் செய்ய நேர்ந்தது. அல்லது எறையூருக்குப் போகட்டும். உளுந்தூர்ப்பேட்டைப் பக்கத்துக் கிராமம், புதுவை-கடலூர் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்தது, தொன்மையான செபமாலை மாதா கோயில் உள்ள ஊர். தலித் கிறித்தவர்கள் கேட்டவை என்ன? பிணத்தைப் பொது வழியில் எடுத்துச்செல்லும் உரிமை, பொதுக் கல்லறை, அவை இல்லையென்றால் தனிப் பங்கு. 2008 மார்ச்சில் அவர்களுடைய குடியிருப்பு தாக்கப்பட்டது. காவல்துறை சுட்டதில் தாக்கிய தரப்பைச் சேர்ந்த இருவர் மாண்டனர். இரு தரப்பாரும் சொல்லும் செபமாலை ஒன்றேதான்.

கிறித்தவர்களை மட்டும் ஏன் குறிவைக்கிறீர்கள் என்று சிலர் சீறுவார்கள். வேறு சிலர், குறிப்பாகக் காவிக் கொடியின் நிழலில் நிற்பவர்கள், மகிழ்ந்து கைதட்டுவார்கள். கைதட்டுகிறவர்களுக்கு வாணியம்பாடியை நினைவூட்டுவோம். 2019 ஆகஸ்டில், பாதை மறுக்கப்பட்டதால் ஒரு தலித்தின் உடல் பாலாற்றுப் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்கப்பட்டது. ஊருக்கொரு சுடுகாடு, சேரிக்கொரு சுடுகாடு என்பது இந்நாட்டின் பொது விதி. திருச்சபையை நாங்கள் கூடுதலாகக் கேட்கிறோமென்றால், அது கூடுதலாக வாக்களித்தது என்பதால்தான். இந்திய கத்தோலிக்க ஆயர் பேரவை 2016இல் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கையில் இந்த ஒதுக்கலை ஒப்புக்கொண்டது. ஒப்புதலுக்குப் பிறகும் ஒரு சுவர் நின்றால் அதற்கு என்ன பெயர்?

அழகை அழகாகப் பார்க்கக் கூடாதா என்ற கேள்வியும் வரும். பார்க்கலாம். நமது நல்ல படைப்புகள் கண்ணை மூடிக்கொண்டா பார்த்தன? பாமாவின் 'கருக்கு' (1992) கோயிலையும் மடத்தையும் அவற்றுக்குள்ளே இருந்தவரின் கண்ணால் பார்த்தது. இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' (1994) ஊர்ச் சாவுகளுக்கு உழைத்துத் தேயும் கிறித்தவ வண்ணாத்தி ஆரோக்கியத்தை நாவலின் நடுவில் நிறுத்தியது. அவற்றைக் கொண்டாடிக் கூட்டம் நடத்தும் அதே கைகள், கல்லறைக் கட்டுரை எழுதும்போது மட்டும் பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலேயக் கவிஞனின் கைகளாக மாறிவிடுகின்றன. அவனுடைய ஊரில் ஏழைக்கும் பணக்காரனுக்கும்தான் பேதம். இங்கே மண்ணுக்கே பேதம்.

ஆகவே இந்த நவம்பரில் பழைய கோயிலொன்றைப் பற்றி எழுதப் புறப்படும் நண்பர்களிடம் சிலவற்றைக் கேட்கிறோம். கல்லறைத் தோட்டத்துக்கு எத்தனை வாசல் என்று பாருங்கள். நடுவில் சுவரோ, வேலியோ, வெறும் வரப்போ இருந்தால் எந்தப் பக்கம் யார் என்று விசாரித்து எழுதுங்கள். பிணவண்டி எந்தத் தெரு வரை வருகிறது, எந்தத் தெருவில் தோளுக்கு மாறுகிறது என்று கேளுங்கள். பங்குத் தந்தையிடம் மரணப் பதிவேட்டைக் கேளுங்கள். தர மறுத்தால் மறுத்தார் என்பதையும் எழுதுங்கள். மெழுகுவத்தி வெளிச்சம், பாசி, புறாக்கள் எல்லாம் அதற்குப் பிறகு வரட்டும். மேலப்புதூர் சுவரில் இடித்தது ஒரு பகுதிதான்.