வீட்டில் எதற்கு யுத்தப் புத்தகம்?

போன மாதம் வீட்டுக்கு வந்த ஒரு மாணவத் தோழர் என் அலமாரி முன்னால் ரொம்ப நேரம் நின்றார். கவிதைத் தொகுப்புகளைத் தாண்டி, அம்பேத்கர் தொகுதிகளைத் தாண்டி, கீழ்த்தட்டுகளில் அவர் பார்வை நின்றுபோனது. கர்நாடகப் போர்கள், மராட்டியப் போர்கள், ஹெய்ட்டிப் புரட்சி, இந்தோசீனா. ஓரத்தில் பழைய ராணி காமிக்ஸ் கட்டு. ‘தோழர், தப்பா எடுத்துக்காதீங்க. இதையெல்லாம் வீட்ல வச்சிருக்கலாமா?’ என்றார்.

பயப்படாதீங்க என்று சொல்லிவிட்டுப் போக முடியவில்லை. 2019 ஆகஸ்டில், பீமா கோரேகான் வழக்கில் சிறையிலிருந்த வெர்னன் கோன்சால்வசின் ஜாமீன் மனு பம்பாய் உயர்நீதிமன்றத்தில் விசாரணைக்கு வந்தது. அவர் வீட்டிலிருந்து போலீஸ் எடுத்துப்போன புத்தகங்களில் ‘போரும் அமைதியும்’ என்று தொடங்கும் தலைப்பு ஒன்று. இந்த மாதிரிப் புத்தகத்தை வீட்டில் ஏன் வைத்திருந்தீர்கள் என்று நீதிபதி கேட்டார். டால்ஸ்டாய் நாவலைத்தான் கேட்கிறார் என்று நாடே சிரித்தது. மறுநாள், அது ஜங்கல்மகால் பற்றி பிஸ்வஜித் ராய் தொகுத்த வேறு நூல் என்று தெரிந்தது. சிரிப்பு அடங்கிவிட்டது. டால்ஸ்டாய் இல்லையென்றால் மட்டும் அந்தக் கேள்வி நியாயமாகிவிடுமா என்று கேட்டவர்கள் கொஞ்சப் பேர்தான். 2023 ஜூலை 28இல் உச்சநீதிமன்றம் அவருக்கு ஜாமீன் கொடுத்தது. வன்முறையைப் பரப்பும் எழுத்தாகவே இருந்தாலும் அதை வெறுமனே வைத்திருப்பது பயங்கரவாதச் செயலாகாது என்று சொன்னது. அதைக் கேட்க அவர் ஏறக்குறைய ஐந்து வருஷம் உள்ளே கிடந்தார்.

அந்த வழக்கின் பெயரே ஒரு யுத்தக்களத்தின் பெயர்தான். 1818 ஜனவரி 1 அன்று கோரேகானில் பேஷ்வாவின் பெரும்படைக்கு எதிரே கும்பினியின் சின்னப்படை ஒன்று நின்றது. அங்குள்ள தூணில் பொறித்த 49 பெயர்களில் 22 பெயர்கள் ‘நாக்’ என்று முடிகிற மகர் பெயர்கள். 1927 ஜனவரி 1 அன்று அம்பேத்கர் அங்கே போய் நின்றார். கும்பினியார் தங்கள் வெற்றிக்கு வைத்த கல்லை, பேஷ்வா ஆட்சியின் தீண்டாமைக்கு எதிரான கல்லாக அவர் வாசித்தார். யுத்த வரலாற்றை அவர் படித்திருக்காவிட்டால் அந்தக் கல் இன்றைக்கும் வெறும் வெள்ளைக்காரன் கல்தான்.

நான் இந்தப் புத்தகங்களைச் சேர்க்க ஆரம்பித்ததற்குக் காரணம் ஒரு கிழவர். எங்கள் சேரியில் அவரைச் ‘சொல்தா தாத்தா’ என்போம். புதுச்சேரிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து வந்தவர். ஜூலை 14, நவம்பர் 11 ஆனால் கோட்டு மாட்டிக்கொண்டு, மெடல் குத்திக்கொண்டு, கடற்கரைப் போர் நினைவுச்சின்னத்துக்குக் கிளம்பிவிடுவார். நாங்கள் பின்னாலேயே ஓடுவோம். மற்ற நாளில் கப்பல் கதை, சைகோன் கதை. ஒருநாள் நான் கேட்டேன், ‘தாத்தா, நீ யாரச் சுட்ட?’ கொஞ்ச நேரம் பேசவில்லை. ‘நம்பள மாதிரிதாண்டா இருந்தானுங்க. சேத்துல நாத்து நட்டுக்கினு’ என்றார்.

அவர் செத்து மூன்றாம் மாதம், அவர் பெட்டியில் இருந்ததையெல்லாம் வீட்டார் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டார்கள். பட்டாளத்துப் பதிவுப் புத்தகம், கடிதங்கள், படம் போட்ட இரண்டு பிரெஞ்சுப் புத்தகங்கள். ஆயாவுக்குக் கிலோவுக்கு என்ன கிடைத்ததோ. எனக்கு அப்போது பத்து வயசு. தராசில் என்ன போகிறது என்று தெரியவில்லை. வங்கி வேலைக்கு வந்து முதல் சம்பளம் வாங்கியதும் காந்தி வீதி சண்டே மார்க்கெட்டுக்குப் போனேன். பிளாட்பாரத்தில் விரித்திருந்த சாக்கில் இந்தோசீனா யுத்தம் பற்றிய அட்டை கிழிந்த பிரெஞ்சுப் புத்தகம் ஒன்று. நூற்றைம்பது ரூபாய். அகராதி வைத்துக்கொண்டு படித்தேன். 1954 மே 7 அன்று தியென் பியென் ஃபூ வீழ்ந்தது வரை வந்தது. நம் சொல்தாக்களுக்கு அதில் ஒரு வரி இல்லை.

அவர்கள் ஏன் போனார்கள்? 1881 செப்டம்பர் 21 ஆணைப்படி, சாதி வழக்கத்தைச் சார்ந்த சொந்தச் சட்டத்தைத் துறந்து எழுதிக்கொடுத்தால் பிரெஞ்சுச் சட்டத்தின் கீழ் வரலாம், புதுக் குடும்பப் பெயரும் வைத்துக்கொள்ளலாம். எழுதிக்கொடுத்தவர்களில் ஒடுக்கப்பட்ட சாதியாரும் கிறிஸ்தவர்களுமே அதிகம். ஊர் கொடுக்காத மரியாதையை ஒரு கையெழுத்தில் வாங்கப் பார்த்தார்கள். அந்தக் கையெழுத்து பலரை இந்தோசீனாவுக்குக் கொண்டுபோனது. அங்கே இன்னொரு நாட்டு உழவனுக்கு எதிராகத் துப்பாக்கி பிடித்தார்கள். மெடலும் உண்மை, தாத்தாவின் அந்த மௌனமும் உண்மை. ஒன்றை மறைத்து மற்றதைப் பேசினால் அது வரலாறு ஆகாது.

இங்கேதான் நம் தோழர்களோடு எனக்குச் சண்டை. ஒரு சாரார், யுத்த வரலாறு ஆதிக்கக்காரன் வாசிப்பு, நமக்கெதுக்கு என்கிறார்கள். இன்னொரு சாரார், நாங்களும் வீரப் பரம்பரைதான் என்று போஸ்டர் அடிக்கக் கிளம்புகிறார்கள். கல்கி, சாண்டில்யன் படித்து வளர்ந்த ஊர்த்தெருப் பையன் தன்னைக் குதிரைமேல் பார்க்கிறான். ‘ஆண்ட பரம்பரை’ பேச்சு அந்தக் குதிரையில் ஏறித்தான் சேரிக்குள் கத்தியோடு வருகிறது. அதற்குப் பதிலாக நாமும் ஒரு குதிரை தேடினால், குதிரைக்குப் புல் வெட்டியவன், பீரங்கி இழுத்தவன், படைக்குப் பின்னால் சோற்றுப்பானை சுமந்துபோன பெண் இவர்களையெல்லாம் மறுபடி நாமே கீழே தள்ளுகிறோம்.

நான் கணக்குப் பார்க்கிற ஆள். யுத்தப் புத்தகத்தையும் பேரேடு மாதிரிதான் படிக்கிறேன். யார் முன்னால் நின்றான், யார் பெயரில் வெற்றி எழுதப்பட்டது, யாருக்குப் பென்ஷன், யாரைக் கழற்றிவிட்டார்கள்? சென்னை ராணுவத்தில், அதன் சாப்பர்கள் படையில், பறையர்கள் கணிசமாக இருந்தார்கள். பம்பாய் ராணுவத்தில் மகர்கள். நாடு பிடித்து முடிந்ததும் ‘வீர இனம்’ என்றொரு தத்துவம் வந்தது. 1890களின் தொடக்கத்தில் மகர்களுக்குப் பட்டாளத்துக் கதவை அடைத்தார்கள். உலகப்போரில் ஆள் தேவைப்பட்டதும் 1917இல் மகர் படைப்பிரிவு எழுப்பினார்கள். போர் முடிந்ததும் கலைத்தார்கள். 1941இல் மறுபடி மகர் ரெஜிமெண்ட். சுபேதார் ராம்ஜியின் மகன், மோவ் ராணுவக் குடியிருப்பில் பிறந்த அம்பேத்கர், இந்தக் கணக்கை வீட்டிலேயே பார்த்தவர். பட்டாளம் எங்கள் ஆளுக்குப் படிப்பும் கொடுத்தது, பிறகு தெருவில் நிறுத்தவும் செய்தது.

சாகசக் கதையையும் இப்படியே படிக்கலாம். ராணி காமிக்சில் முகமூடி வீரர் மாயாவியை விழுந்து விழுந்து படித்தவன் நான். காட்டு மக்கள் அத்தனை பேரும் தலைமுறை தலைமுறையாக ஒரு வெள்ளைக்காரனுக்கு ஏன் கும்பிடு போடுகிறார்கள் என்று அப்போது தோன்றவில்லை. அதே அலமாரியில் அலெக்சாந்தர் தூமாவும் இருக்கிறார். ‘மூன்று துப்பாக்கி வீரர்கள்’ எழுதியவரின் அப்பா, 1762இல் இன்றைய ஹெய்ட்டியில் ஓர் அடிமைப் பெண்ணுக்குப் பிறந்தவர். பிரெஞ்சுப் புரட்சிப் படையில் ஜெனரலாக உயர்ந்தார். நேப்பிள்ஸ் அரசின் சிறையில் இரண்டு வருஷம் நைந்து திரும்பினார். நெப்போலியன் அரசு பென்ஷன் தரவில்லை. 1806இல் செத்தார். பாரிசில் அவருக்கு வைத்த சிலையையும் நாஜி ஆக்கிரமிப்புக் காலத்தில் அகற்றினார்கள். டாம் ரெய்ஸ் 2012இல் எழுதிய ‘கறுப்புப் பிரபு’ வாசித்த பிறகு, தூமாவின் வாள்சண்டைகளுக்குப் பின்னால் அப்பனைத் தேடும் ஒரு பிள்ளை தெரிகிறான்.

நம் ஊரிலேயே தேடுங்கள். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பை எல்லோரும் தூப்ளேக்காகவும் முற்றுகைகளுக்காகவும் புரட்டுகிறார்கள். 1745 அக்டோபர் பக்கத்தில், இந்தப் புதுச்சேரிக் கோயிலுக்குள் பறையர் கிறிஸ்தவர்களைப் பிரித்து நின்ற சுவரும், அவர்கள் போய்ப் பாதிரியாரிடம் நியாயம் கேட்டதும், சுவர் இடிக்கப்பட்டதும் இருக்கின்றன. துபாஷ் தன் நோக்கில் எழுதியதுதான். ஆனாலும் அந்தப் பக்கத்தில் நம் ஆட்கள் வாய் திறந்து பேசுகிறார்கள். தூப்ளேயின் பீரங்கிகளைப் பற்றிப் படிக்கும்போது அந்தச் சுவரையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

நூலகம் என்றால் பெரிசா நினைக்க வேண்டாம். கடற்காத்துக்கு ஏடு நமுத்துப்போகும், கரையான் வரும். வேப்பிலை போட்டு, மாசம் ஒருதடவை வெயில் காட்டினால் போதும். ஓர்ம், வில்சன் மாதிரி பழைய ராணுவ வரலாறுகள் இணையத்தில் ஸ்கேன் பிரதியாகச் சும்மா கிடைக்கின்றன. வேண்டிய அத்தியாயத்தை நகலெடுத்துத் தைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் முன்னால், உங்கள் தெருவில் பட்டாளத்துப் பெட்டி எந்த வீட்டில் இருக்கிறது என்று விசாரியுங்கள். பழைய பேப்பர்காரரின் தராசுக்கு முன்னால் நீங்கள் போய் நிற்க வேண்டும். எந்தப் புத்தகம், எங்கே வாங்கியது, என்ன விலை என்று ஒரு நோட்டில் எழுதியும் வையுங்கள். நாளைக்கு யாராவது ‘ஏன் வைத்திருக்கிறாய்’ என்று கேட்டால் காட்ட உதவும்.

மாணவத் தோழருக்கு இவ்வளவையும் சொல்ல நேரமில்லை. கோரேகான் பற்றிய புத்தகத்தை எடுத்துக் கையில் கொடுத்தேன். பையில் வைக்கும்போது தயங்கினார். ‘பஸ்ல வெளிய எடுத்துப் படிக்கட்டுமா, தோழர்?’ என்றார்.

படிங்க என்றேன். அட்டை தெரியிற மாதிரியே படிங்க.