நாற்பது வயதானால் தேர்வு வேண்டாமா?



இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். டீயோ காபியோ கையில் எடுத்துக்கொண்டு படியுங்கள். விஷயம் கார். "டீச்சருக்கும் காருக்கும் என்ன சம்பந்தம்?" என்று சிரிப்பீர்கள். எனக்கு ஓட்டத் தெரியாது, உண்மைதான். ஆனால் பரீட்சை, தேர்ச்சி, மதிப்பெண் என்றால் முப்பத்து நான்கு வருடம் அதிலேயே கிடந்தவள் நான். இந்த விஷயமும் ஒரு பரீட்சையைப் பற்றியதுதான்.

இங்கிலாந்தில் கவென்ட்ரியில் இருக்கும் என் தங்கை மகன் ஒரு பழைய எம்.ஜி.பி. வைத்திருக்கிறான். 1972ஆம் வருடத்து வண்டி. இரண்டு பேர் உட்காரும், மேலே துணிக்கூரை போட்ட ஸ்போர்ட்ஸ் கார். குடும்பக் குழுவில் அதன் படத்தைப் போட்டு, "வருகிற கோடையில் பொண்ணை இதில் வேல்ஸ் கடற்கரைக்குக் கூட்டிப் போகிறேன்" என்று எழுதினான். "அங்கே வருஷா வருஷம் வண்டிக்கு டெஸ்ட் உண்டாமே, எடுத்தாயா?" என்று கேட்டேன். "பெரியம்மா, நாற்பது வயசு தாண்டின வண்டிக்கு டெஸ்ட்டே வேண்டாம்னு கவர்மெண்ட்டே சொல்லிடுச்சு. பழைய வண்டியெல்லாம் நல்லாப் பாஸாகும், அதனாலதான்" என்றான்.

அவன் சொன்ன முதல் பாதி சரி. இரண்டாம் பாதியைத்தான் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

முதலில் விவரம். அந்த டெஸ்ட்டுக்கு எம்.ஓ.டி. என்று பெயர். போக்குவரத்து அமைச்சகம் என்பதன் ஆங்கில முதலெழுத்துகள். 1960இல் எர்னஸ்ட் மார்ப்பிள்ஸ் அமைச்சராக இருந்தபோது கொண்டுவந்தார்கள். அப்போது பார்த்தது பிரேக், விளக்கு, ஸ்டியரிங். யாருக்குத் தேர்வு? 10 வருடம் தாண்டிய வண்டிகளுக்கு மட்டும். அடுத்த வருடமே அதை 7 வருடமாகக் குறைத்தார்கள். 1967இல் 3 வருடம் ஆனது. இன்றுவரை அதுதான் கணக்கு. புது வண்டி மூன்று வயதில் முதல் தேர்வு எழுதும், பிறகு ஒவ்வொரு வருடமும் எழுதும். நம்மூரில் சொந்தக் காருக்குப் பதினைந்து வருடம் கழித்துத்தான் எஃப்.சி. கேட்கிறார்கள். அதோடு ஒப்பிட்டால் அது எவ்வளவு கறார் என்று புரியும்.

ஆக, இந்தத் தேர்வு பிறந்ததே பழைய வண்டிகளுக்காக. இன்று அதே பழைய வண்டிகளுக்குத்தான் விலக்கு. 2012இல் 1960க்கு முந்தைய வண்டிகளை விட்டார்கள். 2018 மே 20 முதல் நாற்பது வயதைக் கடந்த, கடந்த முப்பது வருடத்தில் பெரிய மாற்றம் செய்யாத வண்டிகளை எல்லாம் விட்டுவிட்டார்கள். இவை குறைவாகத்தான் ஓடுகின்றன, சொந்தக்காரர்கள் நன்றாகப் பராமரிக்கிறார்கள் என்பது அரசு சொன்ன காரணம்.

காரணம் பொய்யில்லை. ஆனால் அந்தத் தேர்ச்சி எப்படி வருகிறது என்று பார்க்க வேண்டும். ஒன்பதாம் வகுப்பிலேயே சுமாரான பிள்ளைகளை வடிகட்டிவிட்டு, பத்தாம் வகுப்பில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்று வாசலில் பேனர் கட்டும் பள்ளிகள் உண்டு. உங்களுக்கே தெரியும். பழைய காரிலும் அதேதான். துருப்பிடித்து ஓட முடியாதவை எப்போதோ காயலான் கடைக்குப் போய்விட்டன. பாதி பிரித்த நிலையில் இருப்பவை கொட்டகையில் நிற்கின்றன, தேர்வுக்கே வருவதில்லை. வருபவை சொந்தக்காரர் ஒரு மாதம் பார்த்துப் பார்த்துத் தயார் செய்தவை. அந்தக் கூட்டத்தின் தேர்ச்சியைப் பார்த்து, "இந்த ரக வண்டியே நம்பகமானது" என்று சொல்லக் கூடாது. "தேர்வுக்குத் தயார் செய்த வண்டி தேறுகிறது" என்று மட்டும்தான் சொல்லலாம். தேர்வை எடுத்துவிட்டால் அந்தத் தயாரிப்பும் குறையுமா குறையாதா? வகுப்பறையில் இருந்தவர்கள் சொல்லுங்கள்.

இன்னொன்றும் உண்டு. எம்.ஜி.பி. 1962இல் வந்தது. ஆபிங்டன் தொழிற்சாலையில் ஐந்து லட்சத்துக்கு மேல் செய்தார்கள். 1980 அக்டோபரில் நிறுத்தினார்கள். கடைசியாகச் செய்த வண்டிக்கும் இப்போது நாற்பது தாண்டிவிட்டது. அதாவது பெரிய மாற்றம் செய்யாத எந்த எம்.ஜி.பி.யும் இனித் தேர்வு எழுதக் கட்டாயமில்லை. தேர்வையே நிறுத்திவிட்டு, "நம்ம பையன் ஃபெயிலே ஆனதில்லை" என்று பெருமைப்பட முடியுமா?

அங்கே ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. வண்டி எண்ணை அரசு இணையதளத்தில் போட்டால் 2005 முதல் அதன் எம்.ஓ.டி. சரித்திரம் முழுவதும் வரும். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், காசு கிடையாது. படத்தில் தெரிந்த எண்ணைப் போட்டு நானே பார்த்தேன். ரேங்க் கார்டு பார்ப்பது போலவே இருந்தது. 2013இல் ஹேண்ட் பிரேக் போதாமல் ஃபெயில், சரிசெய்து பாஸ். 2015இல் முன் சக்கரத்துக் கிங்பின் ஆட்டத்தால் ஃபெயில், சரிசெய்து பாஸ். கடைசித் தேர்வு 2017 ஜூன். பாஸ்தான், ஆனால் இரண்டு எச்சரிக்கைக் குறிப்பு: வலதுபக்க சில்லில் துரு ஆரம்பம், பிரேக் ரப்பர்க் குழாயில் லேசான வெடிப்பு. அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை. எட்டு வருடமாக வெற்றுத்தாள். நடுவில் வண்டியும் கைமாறிவிட்டது.

அந்த இரண்டு குறிப்புக்கும் அர்த்தம் தெரிந்துகொள்ள நிறையப் படித்தேன். நம் மெக்கானிக் மாணவர்கள் இரண்டு பேரிடமும் கேட்டேன்.

எம்.ஜி.பி.க்குத் தனிச் சேஸிஸ் கிடையாது. உடம்பேதான் எலும்பும். கதவுக்குக் கீழே முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம் வரை பெட்டி மாதிரி ஓடும் தகட்டுப் பகுதிக்கு சில் என்று பெயர். திறந்த காரில் தாங்கிப் பிடிக்க இரும்புக் கூரை இல்லை, அதனால் பாரம் பெரும்பாலும் அந்தச் சில்லில்தான். குளிர்காலத்தில் அங்கே சாலையில் உப்புத் தூவுகிறார்கள். அந்த ஈரம் உள்ளே தங்கி, உள்ளிருந்து அரிக்கும். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும். சில் உளுத்துப்போன வண்டியை ஜாக்கி போட்டுத் தூக்கினால் நடு வளைந்து கதவு சரியாகச் சாத்தாதாம். எம்.ஓ.டி.யில் சஸ்பென்ஷன், ஸ்டியரிங், பிரேக், சீட் பெல்ட் மாட்டும் இடங்களிலிருந்து 30 சென்டிமீட்டருக்குள் தகடு பலமிழந்திருந்தால் ஃபெயில். ஏன் இந்தக் கணக்கு என்று யோசியுங்கள். தகடு கையோடு வந்துவிட்டால் பெல்ட் யாரைப் பிடிக்கும்?

பிரேக் குழாய் ரப்பர். ரப்பருக்கு வயது கிலோமீட்டரில் இல்லை, வருடத்தில். பிரேக் ஆயிலும் நிற்கும்போதே காற்றின் ஈரத்தை உறிஞ்சும். டயரும் அப்படித்தான். பட்டை ஆழம் 1.6 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கிறதே என்று பார்த்தால், உள்ளே கருவாடு மாதிரிக் காய்ந்து கிடக்கும். கிங்பின்னுக்கு 3,000 மைலுக்கு ஒருமுறை கிரீஸ் அடிக்க வேண்டும். வருடத்துக்கு நானூறு மைல் ஓடும் வண்டிக்கு அந்த 3,000 எப்போது வரும்? போதாக்குறைக்கு 2021 செப்டம்பரிலிருந்து அங்கே சாதாரணப் பெட்ரோலில் பத்து சதவீதம் வரை எத்தனால். பழைய வண்டிகளின் ரப்பருக்கு அது ஆகாது. "குறைவாகத்தான் ஓடுகிறது" என்பது பாதுகாப்புக்குச் சாட்சி இல்லை. பல கோளாறுகளுக்கு அதுவே காரணம்.

ஆசிரியர்களுக்கு இதில் ஒரு பழைய காயமும் உண்டு. 2012 ஜூலையில் சென்னைக்கு அருகே சேலையூர்ப் பள்ளி ஒன்றின் ஓடிக்கொண்டிருந்த பேருந்தின் தரையிலிருந்த ஓட்டை வழியே ஒரு இரண்டாம் வகுப்புக் குழந்தை விழுந்து இறந்தது. அதன் பிறகுதான் தமிழ்நாட்டில் பள்ளி வாகனங்களுக்கென்றே சிறப்பு விதிகள் வந்தன. வண்டியின் அடிப்பகுதியைக் குனிந்து பார்க்க ஒரு ஆள் வேண்டும் என்பதை அன்றிலிருந்து எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும், அதுதான் நியாயம். எம்.ஓ.டி. பாஸ் என்பது அந்த ஒரு நாளுக்கான சான்று, வருடம் முழுவதற்குமான உத்தரவாதம் அல்ல. சோதிப்பவர் எதையும் பிரித்துப் பார்க்கக் கூடாது, கம்பளத்தைக் கூடத் தூக்க மாட்டார். கார்புரேட்டர் வண்டியையே பார்த்திராத இளைஞர்களும் இன்று சோதனை செய்கிறார்கள். பல சொந்தக்காரர்களுக்கு அவர்களைவிட அதிகம் தெரியும். எல்லாம் உண்மை. ஆனால் நம் தவறு நம் கண்ணுக்குத் தெரியாது என்பதால்தானே விடைத்தாளை வேறொருவர் திருத்துகிறார்? கட்டுரையை எத்தனை முறை படித்தாலும் சொந்த எழுத்துப்பிழை கண்ணில் படாது. பக்கத்து பெஞ்சுப் பையன் ஒரே பார்வையில் காட்டிவிடுவான்.

அதனால் என் கருத்து இது. பழைய வண்டிகளை முழுத் தேர்விலிருந்து விடலாம், தேர்விலிருந்தே விடக் கூடாது. பிரேக், ஸ்டியரிங், விளக்கு, டயர், துரு. இந்த ஐந்துக்கும் ஒரு எளிய சோதனை, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை போதும். அந்தக் காலத்து வண்டிக்கு அந்தக் காலத்துக் கேள்வித்தாள் கொடுப்பதில் தப்பில்லை. கேள்வித்தாளே இல்லை என்பதுதான் தப்பு.

அரசு மாறும்வரை காத்திருக்கவும் வேண்டாம். கட்டாயம் இல்லை என்றாலும் விருப்பப்பட்டு எம்.ஓ.டி. எடுக்கலாம். காருக்கு அதிகபட்சக் கட்டணம் 54.85 பவுண்டு. நம் காசில் ஆறாயிரம் சொச்சம். ரிப்பேர் வேலை செய்யாமல் சோதனை மட்டும் செய்யும் நிலையங்களைச் சில உள்ளாட்சி மன்றங்களே நடத்துகின்றன. அவர்களுக்கு இல்லாத கோளாறைச் சொல்லி லாபம் இல்லை. ஆபத்தான நிலையில் வண்டி ஓட்டினால் 2,500 பவுண்டு வரை அபராதம் என்ற சட்டமும் அப்படியே இருக்கிறது. அதற்கு நாற்பது வயது விலக்கு கிடையாது.

தம்பி, இதை நீயும் படிப்பாய் என்று தெரியும். உன் ஆசையைக் கெடுக்க எழுதவில்லை. அந்தச் சிவப்பு வண்டி அழகுதான். ஆனால் 2017இல் ஒருவர் எழுதிவைத்த இரண்டு குறிப்புக்கு இன்னும் பதில் எழுதப்படவில்லை. பிரேக் குழாய்களை மாற்று, சில்லைத் தூக்கிப் பார்க்கச் சொல், பிறகு ஒரு எம்.ஓ.டி. எடு. ஃபெயில் என்று வந்தால் வெட்கப்படாதே, அதற்குத்தானே தேர்வு. பாஸ் என்று வந்தால் பேத்தியை முன் சீட்டில் உட்காரவைத்துப் படம் அனுப்பு, நான் முதல் லைக் போடுகிறேன்.

இங்கிலாந்தில் இருக்கும் மற்ற பிள்ளைகளே, உங்களிடமோ பக்கத்து வீட்டிலோ இப்படிப் பழைய வண்டி இருந்தால் கடைசியாக எப்போது சோதித்தது என்று பார்த்துக் கீழே எழுதுங்கள். பட்டறை வைத்திருக்கும் என் மாணவர்களே, நான் சொன்ன விவரத்தில் சேர்க்கவோ திருத்தவோ எதுவும் இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள். இப்போது நீங்கள் திருத்தும் முறை.

அன்புடன்,
உங்கள் டீச்சர்