வலிப்பு மாத்திரைக்கு ஆஸ்பத்திரியிலும் லீவு கிடையாது

ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டால் மருந்து, மாத்திரை எல்லாம் அவர்கள் பொறுப்பு, இனி நமக்குக் கவலையில்லை என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். ஆனால் வலிப்புக்காகத் தினமும் மாத்திரை சாப்பிடுகிறவர் வேறு ஏதோ வைத்தியத்துக்காகப் படுக்கும்போது இந்த நினைப்பு ஆபத்தில் கொண்டுபோய் விட்டுவிடும். கூடத் துணைக்கு இருக்கும் பெண்கள்தான் இதில் விழிப்பாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

என் நாத்தனாருக்கு நாற்பத்தைந்து வயது. காலையும் ராத்திரியும் தவறாமல் மாத்திரை போட்டு, 14 வருஷமாக ஒரு தடவை கூட வலிப்பு வராமல் இருந்தவர். பட்டாசுக்குப் பெட்டி ஒட்டிச் சம்பாதித்து மகளையும் கட்டிக் கொடுத்துவிட்டார். பித்தப்பைக் கல்லுக்கு ஆபரேஷன் என்று ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். "சுகர் இருக்கா, பிரஷர் இருக்கா?" என்று கேட்டு எழுதிக்கொண்டார்கள். வலிப்பைப் பற்றி யாரும் கேட்கவில்லை. பக்கத்தில் புதுச் சம்பந்தியம்மா நின்றதால் இவரும் வாய் திறக்கவில்லை. ராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணீர் கூடக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். ராத்திரி மாத்திரையும் போச்சு, காலை மாத்திரையும் போச்சு. ஆபரேஷனுக்கு அழைத்துப் போக வந்த நேரத்தில் வலிப்பு வந்து, கட்டிலிலிருந்து விழுந்து உதடு கிழிந்தது. ஆபரேஷன் தள்ளிப் போனது. "இத்தனை வருஷம் கட்டிக் காத்தது ஒரே ராத்திரியில் போச்சே" என்று அவர் அழுதது இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

வலிப்பு மாத்திரை தலைவலி மாத்திரை மாதிரி இல்லை. ரத்தத்தில் அதன் அளவு குறையாமல் இருக்கிற வரைக்கும்தான் காவல். ஆஸ்பத்திரியில் காய்ச்சல், வலி, தூக்கமின்மை எல்லாம் சேர்ந்து வலிப்பைத் தூண்டுகிற நேரத்தில் காவலையும் எடுத்துவிட்டால் என்ன ஆகும்? ஐந்து நிமிடத்துக்கு மேல் வலிப்பு நிற்காவிட்டால் உயிருக்கே ஆபத்து.

இங்கிலாந்தில் 2010-ல், எந்தெந்த மருந்தை நேரம் தவறினால் நோயாளிக்குக் கெடுதலோ அவற்றைப் பட்டியல் போட்டு வைக்கும்படி ஆஸ்பத்திரிகளுக்கு உத்தரவு போட்டார்கள். அங்கே பல ஆஸ்பத்திரிகளின் பட்டியலில் வலிப்பு மாத்திரையும் இருக்கிறது. படித்தவர்கள் நிறைந்த ஊரிலேயே உத்தரவு தேவைப்படுகிறது என்றால், ஒரு நர்ஸ் அத்தனை கட்டில்களுக்கும் ஓடுகிற நம்ம ஊர் வார்டில் நாம் சும்மா இருக்கலாமா?

முதலில், சேர்க்கும்போதே கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள். மாத்திரையின் பெயர், எத்தனை மில்லிகிராம், எந்த நேரம், கடைசியாக எப்போது போட்டார் என்று ஒரு சீட்டில் எழுதி, அட்டையோடு டாக்டரிடம் காட்டுங்கள். நாலு நாளைக்கு வேண்டிய மாத்திரையைப் பையில் கொண்டு போங்கள். ஆனால் நாமே ரகசியமாகக் கொடுக்கக் கூடாது. அவர்களும் கொடுத்துவிட்டால் இரண்டு தடவை ஆகிவிடும். மருந்துக்கடையில் வேறு கம்பெனி அட்டை கொடுத்தால், "மாற்றலாமா?" என்று டாக்டரைக் கேட்காமல் மாற்றாதீர்கள்.

ஆபரேஷனுக்கு வெறும் வயிறு என்று சொன்னால், "வலிப்பு மாத்திரையை ஒரு மடக்குத் தண்ணீரில் போடலாமா?" என்று மயக்க மருந்து டாக்டரிடமே கேளுங்கள். பெரும்பாலும் போடச் சொல்வார்கள். வாந்தியால் மாத்திரை தங்கவில்லை என்றாலும், விழுங்கவே முடியவில்லை என்றாலும் உடனே சொல்லுங்கள். பினிட்டாயின், வால்ப்ரோயேட், லெவிடிரசிடாம் போன்றவை ஊசியாகவும் இருக்கின்றன. வேளை தப்பிவிட்டது என்று இரண்டாகச் சேர்த்துப் போடவும் கூடாது. டாக்டரைக் கேட்க வேண்டும்.

மறைத்தால் இன்னொரு சிக்கலும் உண்டு. மெரோபெனம் என்ற ஆன்டிபயாடிக் ஊசி, வால்ப்ரோயேட் மாத்திரையின் அளவை ரத்தத்தில் குறைத்துவிடும். டி.பி.க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் பினிட்டாயினைக் குறைத்துவிடும். டாக்டருக்கு விஷயம் தெரிந்தால்தானே பார்த்துக் கொடுப்பார்? பிரசவத்துக்குப் போகிற பெண்ணுக்கும் இதே கதைதான். பிள்ளைக்கு ஆகாது என்று தானாக மாத்திரையை நிறுத்துவது தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து. மாற்ற வேண்டுமானால் கர்ப்பத்துக்கு முன்பே டாக்டரிடம் பேச வேண்டும்.

வார்டில் வலிப்பு வந்துவிட்டால் சாவியையும் கம்பியையும் தேடி ஓடாதீர்கள். வாயில் எதையும் திணிக்காமல், ஒருக்களித்துப் படுக்கவைத்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நர்ஸைக் கூப்பிடுங்கள்.

இத்தனையும் சொன்னாலும், வெட்கம் போகாவிட்டால் எதுவும் நடக்காது. காக்காய் வலிப்பு என்று கேலி செய்தே வாயடைத்து வைத்திருக்கிறோம். இந்து திருமணச் சட்டத்தில் 1976-லிருந்து வலிப்பு ஒரு தடையாக எழுதப்பட்டிருந்தது. 1999-ல் அந்த வார்த்தையையே எடுத்துவிட்டார்கள். சட்டம் எடுத்ததை நாம் இன்னும் மனசில் வைத்துக் கட்டி அழலாமா? சம்பந்தி வீட்டுக்குப் பயந்து டாக்டரிடம் மறைப்பது, திருடனுக்குப் பயந்து வீட்டுக்கே தீ வைப்பது போல.

ஆஸ்பத்திரிக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். சுகர், பிரஷர் கேட்கும்போது "வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறீர்களா?" என்று ஒரு கேள்வியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாலு பேர் முன்னால் கேட்காமல் தனியாகக் கேளுங்கள். "ஆம்" என்றால் கேஸ் ஷீட்டின் மேலே சிவப்பு மையில் எழுதி வையுங்கள். பைசா செலவில்லாத காரியம். விருதுநகரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே படித்து வருகிற பிள்ளைகள் இந்தக் கேள்வியை முதல் நாளிலிருந்தே கேட்கப் பழகினால், எங்கள் பட்டாசு ஊர்ப் பெண்கள் கையெடுத்துக் கும்பிடுவோம்.

என்ன சகோதரிகளே, நான் சொல்வது நியாயம்தானே?

— ஒரு வாசகி, ஆனைக்குட்டம்.